வேனா, 25 அடியா, 30 அடியா? யூட்டா, டெத் வேலி பாலைவனப் பூங்காக்களுக்கு ஏற்ற வண்டி எது?

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனப் பூங்காக்களுக்கு மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியில், போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எண்ணுவது படுக்கைகளைத்தான். ஆறு பேர் படுக்கலாம் என்று தெரிந்ததும் 30 அடி வண்டியைப் பதிவு செய்துவிடுகிறார்கள். வரைபடத்தை அதன் பிறகுதான் திறக்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஜயான், பிரைஸ் கேன்யன், டெத் வேலி போன்ற இடங்களின் மலைச்சாலைகள் பல, சின்னக் கார்கள் ஓடிய காலத்தில் வெட்டப்பட்டவை. எந்த இடத்தை நெருங்கிப் பார்க்கப் போகிறீர்கள், எதைத் தவறவிடப் போகிறீர்கள் என்பதை வண்டியின் நீளமும் அகலமும்தான் முடிவு செய்கின்றன.

வாடகைக்குக் கிடைப்பவை ஏறத்தாழ நான்கு வகை. பேருந்து போன்ற முகப்புள்ள கிளாஸ் ஏ, 30 அடிக்கு மேல். லாரி அடிச்சட்டத்தின் மேல் வீட்டைப் பொருத்தி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை வைத்த கிளாஸ் சி, 22 முதல் 32 அடி வரை. உயரக் கூரை வேனையே வீடாக்கிய கிளாஸ் பி, 18 முதல் 22 அடி வரை. நான்காவது, பிக்கப் வண்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர். இவற்றோடு ஐந்தாவதாகச் சாதாரண காரையும் விடுதி அறையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். சிலருக்கு அதுவே சரியான விடை.

சாலைகள் வைத்திருக்கும் அளவுகோல்

ஜயானில் தொடங்குவோம், ஏனென்றால் அங்கே விதி அண்மையில் மாறியிருக்கிறது. பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் போகும் ஜயான்–மவுன்ட் கார்மல் நெடுஞ்சாலையில் 1930இல் திறக்கப்பட்ட 1.1 மைல் சுரங்கப்பாதை இருக்கிறது. அதன் மேற்பகுதி வளைந்தது. உயரமான வண்டி தன் தடத்திலேயே போனால் கூரையின் ஓரம் பாறையில் இடிக்கும். அதனால் நடுவில்தான் போக முடியும், எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தியாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படித்தான் அனுப்பி வந்தார்கள். 2026 ஜூன் 7 முதல் பெரிய வண்டிகளுக்கு அந்தச் சாலையே கிடையாது. வரம்பு: உயரம் 11 அடி 4 அங்குலம், அகலம் 7 அடி 10 அங்குலம், நீளம் 35 அடி 9 அங்குலம், எடை 50,000 பவுண்டு. இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் சுற்றுவழிதான்.

நீள வரம்பைப் பார்த்து 24 அடி கிளாஸ் சிக்குச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதைத் தடுப்பது அகலம். கிளாஸ் சியின் உடல் பொதுவாக 8 அடிக்கு மேல் அகலம், கூரை ஏசியோடு சேர்த்து உயரம் 11 அடியைத் தாண்டும். அதாவது 22 அடி கிளாஸ் சியும் 32 அடி கிளாஸ் சியும் இந்தச் சாலையில் ஒன்றுதான். வேனின் உடல் 7 அடியை ஒட்டியே இருக்கும் என்பதால் அது தப்பும். ஆனால் பக்கக் கண்ணாடி, சுருட்டி வைத்த வெயில் மறைப்பு எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள அகலம் கண்ணாடி நீங்கலான அளவு.

சுரங்கம் வழியாக ஜயானிலிருந்து பிரைஸ் கேன்யன் 85 மைல், இரண்டு மணி நேரம். பெரிய வண்டியில் மேற்கே ஹரிகேன் ஊருக்கு இறங்கி, அரிசோனா எல்லையைத் தொட்டு, கனாப் வழியாக ஏறுவது ஒரு வழி. அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடும். பயணமே கெட்டுவிடும் இழப்பில்லை. ஆனால் இழப்பது நேரம் மட்டுமில்லை. செக்கர்போர்டு மேசா என்ற கட்டம் கட்டமாக வெடித்த வெள்ளைப் பாறையும் அதைச் சுற்றிய மணற்பாறை மேடுகளும் சுரங்கத்துக்குக் கிழக்கே இருக்கின்றன. ஜயானின் அழகில் பாதி அந்தப் பக்கம்தான்.

மற்ற இடங்களில் ஆட்சி செய்வது நீளம். டெத் வேலியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற 9 மைல் ஒருவழிச் சாலை, பள்ளத்தாக்கை மேலிருந்து காட்டும் டான்டேஸ் வியூ, எமிகிரன்ட் கேன்யன் மூன்றுக்கும் 25 அடிதான் எல்லை. நெவாடாவின் கிரேட் பேசின் பூங்காவில் வீலர் சிகரச் சாலை ஏறத்தாழ 10,000 அடி உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே மேல் லீமன் முகாமைத் தாண்டி 24 அடிக்கு மேற்பட்ட வண்டி போகக்கூடாது. டெக்சாஸின் பிக் பெண்டில் சீசோஸ் மலைக்கிண்ணத்துக்குள் இறங்கும் சாலைக்கு மோட்டார்ஹோம் 24 அடி, டிரெய்லர் 20 அடி என்பது பூங்காவின் அறிவுரை. கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் உட்பக்கமாக வெட்டி எதிர்த்தடத்துக்குள் நுழைவதுதான் காரணம். கேப்பிடல் ரீஃப் தாராளம் காட்டுகிறது, அதன் அழகுச்சாலையில் 27 அடி வரை போகலாம். பிரைஸில் ஷட்டில் பேருந்து ஓடும் நேரங்களில் 23 அடிக்கு மேற்பட்ட வண்டிகளை முக்கியக் காட்சிமுனைகளில் நிறுத்த முடியாது. ஷட்டில் நன்றாக ஓடுவதால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டோம். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி முகாமில் 12 இடங்களே உள்ளன, 28 அடிக்கு மேல் நுழையாது, தண்ணீரும் இல்லை.

இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால் 25 அடிக்கும் 30 அடிக்கும் நடுவே ஒரு சுவர் நிற்பது தெரியும். 25க்குள் இருப்பவர் டெத் வேலியைச் சுற்றிப் பார்க்கிறார். 30இல் இருப்பவர் நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கிறார். 25 அடி என்று சொல்லி வாடகைக்குத் தரும் வண்டி பின்பம்பரும் ஏணியும் சேர்ந்து 26ஐத் தொடுவது உண்டு. பெயரை நம்பாமல் முன்பம்பரிலிருந்து பின்பம்பர் வரை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் இந்தச் சுவரை வேறு விதமாகத் தாண்டுகிறது. முகாமில் கழற்றி வைத்துவிட்டால் பிக்கப் வண்டி எல்லாச் சாலையிலும் போகும். ஒரே இடத்தில் மூன்று இரவாவது தங்கி, நாள்தோறும் சுற்றி வரும் குடும்பத்துக்கு இது அருமையான ஏற்பாடு. தினம் இடம் மாறுபவர்களுக்கு இல்லை, கழற்றவும் மாட்டவும் சமப்படுத்தவும் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதை இழுக்கும் பிக்கப்பின் கொக்கி மேல் இறங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருந்து அதை நிரப்பினால் கொக்கியின் சுமை குறையும், வால் ஆடத் தொடங்கும். பாலைவனப் பக்கக் காற்றில் அந்த ஆட்டம் உயிருக்கே ஆபத்து. முன்பின் இழுத்துப் பழகாதவர்கள் மலைச்சாலையில் பழகத் தொடங்க வேண்டாம்.

வெயிலும் உறைபனியும் ஒரே பயணத்தில்

சமவெளிப் பாலைவனத்தில் வெப்பம் ஒன்றுதான் கவலை. மலைப் பாலைவனத்தில் இரண்டும் வரும். டெத் வேலியின் பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அதே பூங்காவின் டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர். பிரைஸின் விளிம்பு 2,400 முதல் 2,700 மீட்டர் வரை உயர்கிறது. மே மாதத்திலும் அங்கே இரவில் தண்ணீர் உறையும். அதே வாரம் யூட்டாவின் மோவாப் ஊரில் பகல் 30 டிகிரியைத் தாண்டும்.

கூரை ஏசி வெளியே இருப்பதைவிட 11 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்தால் அது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் ஜூலையின் சராசரி உச்சம் 47 டிகிரி. கணக்குப் போட்டால் வண்டிக்குள் 36. அதில் தூங்க முடியாது. டெத் வேலியைக் கோடையில் ஒப்பந்தத்திலேயே விலக்கும் வாடகை நிறுவனங்கள் இருப்பதற்குக் காரணம் இதுவும், ஏற்றத்தில் எஞ்சின் கொதிப்பதும்தான்.

13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசிக்கு ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் வேண்டும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். ஜெனரேட்டரோ 1,000 அடி ஏறுவதற்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு திறனை இழக்கும், காற்று மெலிவதுதான் காரணம். தொடர்ந்து 1,600 வாட் தரும் கையடக்க ஜெனரேட்டர் 4,000 அடி உயரமுள்ள மோவாபில் 1,380 வாட்தான் தரும். ஏசி கிளம்பாமலே அணைந்துவிடும். கிளாஸ் சியில் உள்ளேயே பொருத்தப்பட்ட 4,000 வாட் ஜெனரேட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏசிச் சுமையில் மணிக்கு அரை கேலன் (ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்) போல் பெட்ரோல் குடிக்கும். ஆனால் பூங்கா முகாம்களில் அதைக் காலையிலும் மாலையிலும் குறித்த சில மணி நேரம் மட்டுமே ஓட்டலாம், ஜயானின் வாட்ச்மன் முகாமில் அறவே கூடாது. ஏசி இரவு முழுவதும் வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடம் வேண்டும், வேறு வழியில்லை. வாட்ச்மனில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என முழு இணைப்புள்ளவை 18 மட்டுமே.

குளிர்பெட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேஸில் ஓடும் பழைய வகை, வெளியே 38 டிகிரியைத் தாண்டினால் தடுமாறும். வண்டி சாய்ந்து நின்றாலும் அதன் உள்ளே திரவம் சரியாகச் சுழலாது. 12 வோல்ட் கம்ப்ரஸர் வகை வெயிலைத் தாங்கும், சாய்வைப் பொருட்படுத்தாது, ஆனால் பேட்டரியைத் தின்னும். இரண்டு 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிதான் பயன்படும் என்று வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். புதிய வேன்கள் பலவற்றில் லித்தியம் இருக்கிறது. அதை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பிரைஸில் விடிகாலையில் சோலார் பலகை இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் பழுதில்லை, பேட்டரியின் காப்பு அமைப்பு தடுக்கிறது. உள்ளறை சூடேறியதும் சரியாகும்.

உறையும் இரவில் வெளிக் குழாயைக் கழற்றிவிட்டு உள் தொட்டித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சிங்க் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் ஹீட்டர் காற்று குழாய்களைத் தொடும். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. முதல் நாள் மாலை ஜெனரேட்டரை ஓட்டாமல் விட்டவர்களுக்கு விடிகாலை நான்கு மணிக்கு ஹீட்டர் நின்றுபோவது இதனால்தான்.

தண்ணீரில் பெரிய வண்டிக்கே வெற்றி. கிளாஸ் சியில் 30 முதல் 40 கேலன், வேனில் 15 முதல் 30. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் ஒதுக்கச் சொல்கின்றன பூங்காக்கள். பாத்திரம், கை கால், சிக்கனக் குளியல் சேர்த்து ஆளுக்கு 4 கேலன் என்றால் 35 கேலன் தொட்டி நான்கு பேருக்கு இரண்டு நாள் வரும். வழக்கமாக முதலில் நிரம்புவது கழுவு நீர்த் தொட்டி. அரிசி களைந்த நீரும் குழம்புச் சட்டி கழுவிய நீரும் எல்லாம் அங்கேதான் போகின்றன. எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகு கழுவினால் தொட்டியும் நாறாது, அளவுகாட்டியும் பொய் சொல்லாது.

ஏற்றம், இறக்கம், டயர்

டெத் வேலிக்கு மேற்கிலிருந்து வரும் டவுன் கணவாய் 1,511 மீட்டர் உயரம். அங்கிருந்து 27 கி.மீ.க்குள் ஸ்டோவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூரில் கிட்டத்தட்டக் கடல் மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். 12,000 பவுண்டு வண்டியை அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதியிலேயே கருகும் வாடை வரும். இறக்கம் தொடங்குமுன் டோ/ஹால் (சுமையோடு போகும்போது கியரைத் தாழ்வாக வைக்கும்) பொத்தானை அழுத்தி, கியரை இரண்டுக்கோ மூன்றுக்கோ இறக்கி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்க விட வேண்டும். வேகம் நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் அழுத்தமாகப் பிரேக் பிடித்து 10 மைல் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். தொடர்ந்து மெல்ல அழுத்திக்கொண்டே வருவதுதான் தவறு, பிரேக் ஆற நேரமே கிடைக்காது. ஏறும்போது எஞ்சின் சூடு ஏறினால் முன் ஏசியை அணையுங்கள்.

வேனுக்கு இவையெல்லாம் பாதிக் கவலை. எடை குறைவு, ஓட்டுவதும் பெரிய கார் போலவே. யூட்டா 12 நெடுஞ்சாலையில் எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்ற முகடு வருகிறது. இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்புச்சுவர் கிடையாது. 30 அடி வண்டிகளும் அங்கே போகின்றன, ஆனால் காற்று வீசும் வசந்தகாலப் பிற்பகலில் வேனில் இருப்பவர்தான் அந்தக் காட்சியை ரசிக்கிறார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் தயாரித்தது. ஆறு வருடம் தாண்டிய டயரில் பாலைவனத்துக்குப் போக வேண்டாம், பள்ளம் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் உள்ளே காய்ந்திருக்கும். காற்றழுத்தத்தைக் காலையில், கிளம்புமுன் பாருங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டிய எண் குளிர்ந்த டயருக்கானது. மதியம் 10 பவுண்டு கூடியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது வழக்கமான தவறு. அழுத்தம் குறைந்த டயர் அதிகம் நெளிந்து, இன்னும் சூடேறி, அதனால்தான் வெடிக்கிறது.

எந்தப் பருவத்தில் எந்த வழி

லாஸ் வேகஸிலிருந்து ஜயான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப், மோவாப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 1,000 மைல். உள்ளே சுற்றுவதையும் சேர்த்து 1,200 என்று வையுங்கள். இதற்கு ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் மோவாபை விட்டுவிடுவதே நல்லது. திரும்பும்போது ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலினாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது. முக்கால் தொட்டி இருந்தாலும் கிரீன் ரிவரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை விடுமுறை கிடைப்பவர்களுக்கு யூட்டாவைவிட டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீ பூங்காவும்தான் சரி. அந்த மாதங்களில் உயரமான யூட்டா முகாம்களில் தண்ணீரை அடைத்துவிடுவது வழக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலம் இரண்டுக்கும் ஆகாது. டெத் வேலியில் ஆண்டு முழுவதற்குமான மழை ஏறத்தாழ 50 மி.மீ. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டிச் சாலைகளை அரித்துப் போட்டது, பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் 30 மைலுக்கு அப்பால் பெய்த மழை ஓடையில் வரும். ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்தி இரவு தங்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

செலவு

எரிபொருளுக்குக் கணக்கு எளிது. 1,200 மைலுக்கு, கேலனுக்கு 9 மைல் தரும் கிளாஸ் சி 133 கேலன் குடிக்கும். 16 மைல் தரும் வேனுக்கு 75. 28 மைல் தரும் காருக்கு 43. வாடகை விலையைப் பார்க்கும்போது தினக் கட்டணத்தோடு மைல் கட்டணம், ஜெனரேட்டர் மணிக் கட்டணம், பாத்திரம் படுக்கைக்கான கட்டணம், வண்டியைத் தயார்செய்யும் கட்டணம் நான்கையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். காப்பீட்டில் கூரைச் சேதமும் அடிப்பகுதிச் சேதமும் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அவை அடங்குவதில்லை, இந்தப் பயணத்தில் அடிபட வாய்ப்புள்ளவையும் அவைதான். மண் சாலையில் போனால் காப்பீடே செல்லாது என்றும் பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு ஒரு புதுச் செலவு. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் குடியிருக்காத 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆண்டு அனுமதி இல்லாமல் வந்தால் ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். வெளிநாட்டினருக்கான ஆண்டு அனுமதி 250 டாலர். இரண்டு பேர் ஜயானும் பிரைஸும் போவதாக இருந்தாலே ஆண்டு அனுமதிதான் மலிவு.

யாருக்கு எது

இருவர் என்றால் வேன். யோசிக்க எதுவுமில்லை. சுரங்கம், டான்டேஸ் வியூ, வீலர் சிகரம் எல்லாம் திறந்திருக்கும். நெருக்கடி என்பது மழை நாளில் மட்டும்தான்.

இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு 25 அடிக்குள் அடங்கும் கிளாஸ் சி. வேனில் பின்னிருக்கைப் பட்டைகள் இல்லாதவையும் உண்டு, எண்ணிப் பாருங்கள். கிளாஸ் சியிலும் குழந்தை இருக்கையை முன்நோக்கிய இருக்கையில்தான் பொருத்தலாம், பக்கவாட்டு சோஃபாவில் ஒருபோதும் கூடாது. "ஆறு பேர் படுக்கலாம்" என்பதற்கும் ஆறு பேர் பட்டையோடு உட்காரலாம் என்பதற்கும் தொடர்பில்லை.

மூட்டு வலியுள்ள வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா? காரும் விடுதியும். மோட்டார்ஹோமில் படி உயரம், கழிப்பறை குறுகல், இரவில் மேல் படுக்கைக்கு ஏற முடியாது. ஓடும்போது எழுந்து நடப்பதும் ஆபத்து. பிரைஸுக்குப் பக்கத்திலும் மோவாபிலும் ஜயான் வாசலிலுள்ள ஸ்பிரிங்டேலிலும் நல்ல அறைகள் இருக்கின்றன, சூரிய உதயத்துக்கு விடிகாலையில் கிளம்பிப் போய்விடலாம். மின் அடுப்பும் குக்கரும் வைத்துக்கொள்ள இடமுள்ள, சமையலறையோடு கூடிய அறையாகப் பாருங்கள்.

30 அடியும் கிளாஸ் ஏயும் வேண்டுமென்றால் பின்னால் ஒரு சிறு காரை இழுத்து வருபவர்களுக்கு மட்டும், அல்லது இறங்கும் ஊரில் ஒரு நாள் கார் வாடகைக்கு எடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு.

பதிவு செய்யும் வரிசை: முதலில் முகாம் இடம். வாட்ச்மன், கேப்பிடல் ரீஃபின் ஃப்ரூட்டா, மோவாபுக்கு அருகிலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவின் டெவில்ஸ் கார்டன் ஆகிய மூன்று முகாம்களும் ஆறு மாதம் முன்பே திறக்கின்றன, நல்ல வார இறுதிகள் திறந்த அன்றே போய்விடும். கிடைக்காத இரவுகளுக்குப் பூங்காவுக்கு வெளியே இணைப்புள்ள தனியார் தளம், அல்லது நில மேலாண்மைத் துறையின் பொதுநிலம். பொதுநிலத்தில் பெரும்பாலும் கட்டணமில்லை, 14 நாள் வரை தங்கலாம், தண்ணீரும் கழிப்பறையும் உங்கள் பொறுப்பு. முகாம் பதிவில் வண்டி நீளம் கேட்கும் கட்டத்தில் நீங்கள் அளந்த எண்ணையே போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனி நீள எல்லை உண்டு, 22 என்று போட்டு 26ஐக் கொண்டுவந்தால் பின்சக்கரம் பாதையிலேயே நிற்கும். இடங்கள் உறுதியான பிறகு, அவற்றில் மிகக் குறுகியது எதுவோ அதற்குள் அடங்கும் வண்டியைத் தேடுங்கள்.